ஜப்பான் முறையில் வெட்டிய மரம்

கிளிநொச்சியில் எங்கள் பக்கத்தில் ஜப்பான் சைப்ரஸ் வளர்த்த ஒரே ஆள் என் அம்மாதான். இதை யாரிடமும் சொல்ல நான் தயங்குவதில்லை. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்த குடும்பம். கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தபோது மற்றவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வர, அம்மா பால்மா டின் ஒன்றில் சாண் உயரக் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். அது குளிரில் வளரும் மரம். அதை இரணைமடு வாய்க்காலோரத்து வெயிலில் பதினைந்து வருடங்களுக்கு மேல் உயிரோடு வைத்திருப்பது சும்மா காரியமில்லை. பெரிய மண்சாடியில், மாமர நிழலில், சாடியைச் சுற்றி நனைத்த சாக்கோடு அது நின்றது. விசிறி விசிறியாகத் தட்டையான பச்சைக் கொப்புகள். ஒன்பது வயதில் எனக்கு நெஞ்சுயரம். என்னைவிட அதற்குத்தான் கவனிப்பு அதிகம் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

மலைநாட்டிலிருந்து வந்ததால் ஊரில் சிலர் எங்களை இளக்காரமாகத் தோட்டக்காட்டார் என்பார்கள். கல்யாண வீட்டுக்கு அம்மாவைக் கூப்பிட்டால் அது பாத்திரம் கழுவத்தான். ஆனால் அதே ஆட்கள் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு மரம் பார்க்க வருவார்கள். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீன்பிடிக் குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையின் முடிவில் தென்னோலைக் கிடுகால் ஒரு சின்ன மாதா கோயில் போட்டிருந்தார்கள். வள்ளத்தையும் வலையையும் கரையிலேயே விட்டுவிட்டு வந்த சம்மாட்டியார் ஒருவர்தான் அவர்களுக்குப் பெரியவர். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, நான்கு நாள் இருக்கும்போது அவர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தங்கச்சி, நத்தார் மரத்துக்கு ஒரு கொப்பு வெட்டித் தாறீங்களோ? எங்கட பிள்ளையள் ஆசைப்படுதுகள்."

"கொப்பெல்லாம் வெட்ட வேணாங்கய்யா. மரத்தையே தூக்கிட்டுப் போங்க. போன மாதிரியே திரும்பி வந்தா போதும். எம் புள்ள கூட இருந்து பாத்துக்கும்."

சம்மாட்டியார் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தார். நானோ அந்த நிமிடமே பெரிய உத்தியோகத்தர் ஆகிவிட்டேன். நான்கு பேர் வலை காவுகிற தடியில் சாடியைக் கட்டித் தோளில் தூக்க, நான் முன்னால் நடந்து ஆடுகளையும் சைக்கிள்காரர்களையும் விலக்கிவிட்டேன். கோயிலில் என்னைக் கேட்காமல் யாரும் மரத்தைத் தொடவில்லை. பெயர் என்ன, எந்த நாடு, என்ன வயது என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

நத்தாருக்கு முதல் நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் கொப்புகளை விலக்கிப் பார்த்தேன். உள்ளே இலைகள் பழுத்துக் காய்ந்து கிடந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவின் வளர்ப்பைப் பற்றி நாலு பேர் என்ன சொல்வார்கள்?

எங்கள் அப்பா மாரி தொடங்க முன் கிளுவை வேலியை மொட்டைத் தடியாக வெட்டிவிடுவார். கொஞ்ச நாளில் வேலி பச்சையாகப் பொங்கிவிடும். முருங்கையும் பூவரசும் அப்படித்தான். வன்னியில் வளர்ந்த எனக்குத் தெரிந்த மரமெல்லாம் வெட்ட வெட்டத் துளிர்ப்பவை. சோடனைக் கடதாசி வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு பக்கத்தை உச்சியிலிருந்து அடிவரை, கட்டை தெரியும்படி வெட்டி முடித்தேன். வீட்டுக்குத் திரும்பிச் சில நாளில் புதுத்துளிர் வரும், அம்மா அசந்து போவார் என்று நினைத்தேன். கை கொப்பளித்துவிட்டது. அதிலும் எனக்குப் பெருமைதான்.

முதலில் வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சம்மாட்டியார் ஓடி வந்தார். அந்த நேரம் பார்த்து, வெளியே போக வைத்திருந்த ஒரே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு அம்மா உள்ளே வந்தார்.

"என்ர பொறுப்பில நடந்து போச்சு, தங்கச்சி," என்றார் சம்மாட்டியார். "ஆர் வெட்டினதெண்டு தெரியேல்லை."

"நான்தான் வெட்டினனான்," என்றேன் நான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா கட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"இதுக்கு ஏங்கய்யா பதறுறீங்க? ஜப்பான்ல இப்பிடித்தான். ஒரு பக்கத்த மொட்டையா வெட்டிச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிருவாங்க. நாந்தான் புள்ளைய வெட்டச் சொன்னேன்."

அம்மா எனக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. என் புகழில் பாதியை எடுத்துக்கொண்டார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஜப்பான் கதையை மட்டும் முழுதாக நம்பினேன். நான்கு பேர் சாடியைத் திருப்பி வைத்தார்கள். முன்பக்கம் குறையில்லாத பச்சை. யாரோ பஞ்சைப் பிய்த்துப் பனி போலத் தூவினார்கள். சம்மாட்டியார் தன் கையாலேயே கதிரை கொண்டுவந்து முன்வரிசையில் போட்டு அம்மாவை இருத்தினார். தேத்தண்ணி வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் அம்மாவுக்குக் கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. அதற்கு நான்தான் காரணம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜப்பான் முறையில் மரம் வெட்டத் தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். நம்பாமல் வீட்டுக்கே வந்து விசாரித்த ரீச்சரிடமும் அம்மா, "ஆமாங்க டீச்சர், எம் புள்ள வெட்டுனதுதான்," என்றார். உங்கட வீட்டிலும் மரம் நிற்கிறதோ, வந்து வெட்டித் தாறன் என்று நான் ரீச்சரைக் கேட்டேன்.

சைப்ரஸ் பழைய கட்டையிலிருந்து ஒருபோதும் துளிர்க்காது. பங்களாத் தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் காலையில் நான் எழும்பி வந்து, "இன்னும் துளிர் வரேல்லையே அம்மா," என்று கேட்கும்போதெல்லாம், "வரும்," என்று சொல்லிவிட்டு அந்த மொட்டைப் பக்கத்துக்கும் ஒரு கை தண்ணீர் தெளித்துவிடுவார். அந்தத் தண்ணீர் மரத்துக்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.