மல்லிகா அக்காவின் குழம்பு நெய்வேலிக்குப் பிடிக்கவில்லையா?

பொங்கல் முடிந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை நெய்வேலிக்குக் கிளம்பினேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, ஒருவர் வைக்கும் குழம்பைச் சாப்பிட்டுப் பார்க்க. அதுவும் அலுவலகச் செலவில். நீங்கள் தாராளமாகப் பொறாமைப்படலாம்.

என் வேலைக்குப் பயனர் ஆய்வு என்று பெயர். ஒரு செயலியைச் செய்து வெளியே விட்ட பிறகு, அதை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. "அடுத்தவங்க போனை எட்டிப் பாக்குறதுக்குச் சம்பளமா?" என்று அம்மா இன்றும் கேட்பார். எங்கள் செயலி, வீட்டில் சமைத்து விற்பவர்களுக்கானது. வாடிக்கையாளருக்கு ஒருவரின் சமையல் பிடிக்காவிட்டால், அவர் இனி கண்ணில் படாதபடி தடுத்துவிடலாம். நிறையப் பேர் தடுத்தால் அந்தச் சமையல்காரரின் பக்கமே தானாக நீங்கிவிடும்.

நெய்வேலி மல்லிகாவை முப்பத்தொரு பேர் தடுத்திருந்தார்கள். "வாடிக்கையாளர்கள் உங்கள் சமையலை நிராகரித்துள்ளனர். திங்கட்கிழமை முதல் உங்கள் பக்கம் நீக்கப்படும்" என்று கணினி அவருக்கு ஓலை அனுப்பிவிட்டது. எனக்கு ஒரு விஷயம்தான் உறுத்தியது. தடுத்தவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன்பு அவருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே, நேரில் போய் என்ன கிழிக்கப் போகிறாய் என்றார் மேலாளர். நன்றாக இருக்கிறது என்று சொன்னவரே மறுநாள் முகத்தில் கதவைச் சாத்துவாரா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி போ, ஆனால் அரசுப் பேருந்தில் போ என்றார்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குக் கும்பகோணம் வண்டி. பண்ருட்டி வழியாகப் போகுமா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். கட்டணம் 190 ரூபாய். விக்கிரவாண்டி தாண்டியதும் சாலை வேலை நடக்கிறது, இடுப்பு பத்திரம். பண்ருட்டியில் ஜன்னலோரம் வந்த முந்திரிப் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு வாங்கினேன். நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கும்போது மணி பத்தே முக்கால், பாக்கெட் காலி.

ஆட்டோக்காரர் வணக்கம் சொல்வதற்கு முன்பே "எந்த பிளாக்குங்க?" என்றார். மந்தாரக்குப்பம் என்றதும் இருநூறு கேட்டார். நிலக்கரிச் சுரங்க ஊழியர்களுக்காகக் கட்டிய டவுன்ஷிப்புக்குள் புகுந்து போக ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், அச்சில் வார்த்தது மாதிரி குவார்ட்டர்ஸ் வரிசைகள். இது பதினாறு, அது பதினேழு, தங்கச்சி இருக்கிறது இருபத்தொன்று என்று வழியெல்லாம் எண்களாகவே சொல்லிக்கொண்டு வந்தார். நான் மரங்களைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மல்லிகா அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம், கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் டிரைவர், வேலை இல்லாத நேரத்தில் சாப்பாட்டை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவரும் அவர்தான். ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தவர், ஆர்டர்கள் நன்றாக வருகிறதே என்று அதை விட்டுவிட்டு முழுசாக இதில் இறங்கியிருந்தார். தீர்ப்புச் சொல்ல வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். ஆய்வின் துல்லியத்துக்காக மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். காரமும் உப்பும் லேசாகத் தயங்கின, மற்றபடி குறையே இல்லை. அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஓலை வந்த நாளிலிருந்து ஒருநாள் உப்பைக் குறைத்து, மறுநாள் காரத்தைக் குறைத்து, எது பிடிக்காமல் போனது என்று தேடிக்கொண்டிருக்கிறாராம். கணவர் நன்றாக இருக்கிறது என்றால் நம்புவதில்லை, சண்டை வேண்டாமே என்றுதான் அப்படிச் சொல்கிறார் என்று எண்ணம். வாடிக்கையாளர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று மெயின் பஜாருக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

"நானும் தெனம் ருசி பாத்துகினுதான் இருக்கேன் மேடம். எனக்கு ஒரு கொறையும் தெரியல. அப்ப என் நாக்குதான் கெட்டுப்போச்சாங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவு அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கினேன். 900 ரூபாய், கொசுவர்த்தி இலவசம்.

சனிக்கிழமை காலை, முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு, அக்காவைத் தடுத்தவர்களில் ஒருவரான ஜெயந்தி வீட்டுக்குப் போனேன். இருபத்திரண்டாம் பிளாக். கணவர் சுரங்கத்தில் பெர்மனென்ட், நைட் ஷிப்ட் முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கக் கூடாது, கேட்டால் நம் மனம் நோகாத பதிலாகப் பார்த்துச் சொல்வார்கள். போனைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டுதான் சம்பளம் வாங்குகிறேன் என்றால் என் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.

ஜெயந்தியின் போனில்தான் அக்கா தெரியமாட்டாரே, அதனால் என்னுடைய சோதனைப் போனைக் கொடுத்து, வழக்கம்போலச் சாப்பாடு சொல்லுங்கள் என்றேன். மல்லிகா பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இந்த அக்கா இன்னும் சமைக்கிறார்களா, நிறுத்திவிட்டார்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார். இரண்டு சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்தார். பெயருக்குக் கீழே மூன்று பொத்தான்கள் இருக்கும்: அழை, பகிர், பிளாக். கொஞ்சமும் தயங்காமல் 'பிளாக்'கை அழுத்தினார். 'உங்கள் பிளாக் சேமிக்கப்பட்டது. நன்றி' என்றது எங்கள் அருமைச் செயலி. மல்லிகா அக்கா திரையிலிருந்து மறைந்துபோனார்.

"பாத்தீங்களா, போன தடவையும் இப்படித்தான். நாம எந்த பிளாக்னு சொல்லப் போனாலே ஆளைக் காணோம்" என்றார் ஜெயந்தி. "இருபத்திரெண்டுன்னா அவங்க வர மாட்டாங்க போல."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உள்ளே தூங்கியவர் இருமினார்.

விஷயம் இவ்வளவுதான். 'தடை செய்' என்று போட்டால் போலீஸ் ஸ்டேஷன் வாடை அடிக்கிறது என்று சொல்லி 'பிளாக்' என்று எழுதியவர் எங்கள் வடிவமைப்பாளர். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம். வாட்ஸ்அப்பில் ஒருவரை பிளாக் செய்வது ஜெயந்திக்கும் தெரியும். ஆனால் சோறு வரவழைக்கும் இடத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் இந்த ஊரில் அது முகவரிதான். நாங்கள் முகவரிப் பெட்டியை மூன்று திரை தள்ளி ஒளித்து வைத்திருந்தோம். யாருக்கும் அது கண்ணில் படவில்லை. அக்காவின் கணவர் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, போன் போட்டு, எந்த பிளாக் என்று கேட்டிருக்கிறார். பாவம், இனிமேல் கேட்க வேண்டாமே, ஒரேயடியாகச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தவர்கள் அழுத்தியிருக்கிறார்கள். அதாவது, மறுபடியும் வாங்க ஆசைப்பட்டவர்கள்! இன்னும் மூன்று வீடுகளுக்குப் போனேன், அங்கும் இதே கதை.

மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவரும் சிரித்தார். மதியத்துக்குள் நீக்கும் உத்தரவு ரத்தானது. மாலைக்குள் பொத்தான் 'இவரை இனி காட்ட வேண்டாம்' என்று மாறியது, முகவரிப் பெட்டி முதல் திரைக்கு வந்தது. முப்பத்தொரு பேரின் தடையும் நீக்கப்பட்டு, அவர்களுக்கு விவரம் போனது.

மல்லிகா அக்காவிடம் நேரில் போய்த்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார். அப்போ குழம்பு என்று இழுத்தார். குழம்பு நல்ல குழம்பு அக்கா என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் கோபம் வந்தது.

"இத்தினி நாளா நான் என்னாத்த ஆக்கிகினு இருந்தேன்னு எனக்கே தெரியலைங்க. அந்த லெட்டரப் போடறதுக்கு முன்னாடி, யாராவது ஒருத்தர வூட்டுக்குப் போயி கேட்டிருக்கக் கூடாதா நீங்க?"

கேட்டிருக்க வேண்டும். பயனர் ஆய்வு எதற்கு என்று இனி யாராவது கேட்டால் நான் படம் போட்டு விளக்கப் போவதில்லை, இந்தக் கேள்வியைத்தான் சொல்லப் போகிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் உப்பு ஜாடியைக் கையெட்டும் இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

போகிறவர்களுக்கு: பனிக்காலம்தான் நல்லது, வெயில் காலத்தில் இந்த ஊர் உங்களையும் சேர்த்து வறுத்துவிடும். சுரங்கத்தைப் பார்க்க நினைத்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், நான் வாங்கவில்லை, தூரத்தில் மண்மேடுகளை மட்டும் பார்த்தேன். டவுன்ஷிப்புக்குள் யாரையாவது பார்க்கப் போனால் தெருப்பெயரைத் தேட வேண்டாம், பிளாக் எண் போதும். சென்னை திரும்பும் வண்டிகள் ஆர்ச் கேட்டில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம்.

கையில் சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அக்கா கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிறு மதியம் நான் லாட்ஜைக் காலி செய்யும்போது போன் வந்தது.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். ஆர்டர் வந்துகினே இருக்குது. உங்களுக்குன்னு எடுத்து வெச்சதையும் குடுத்துட்டேங்க."

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார், அடுப்பில் வேலை இருந்திருக்கும். ஆர்ச் கேட்டில் இரண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். விழுப்புரம் தாண்டும்போது நல்ல பசி. இவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் பட்டினி கிடந்ததில்லை.