எவன் அந்த டிரம்மர்?

என்னைப் பெண் பார்க்க வந்தவரோடு முதல் சந்திப்பிலேயே சண்டை போட்டேன். ஆவடியில், எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில், காயப்போட்ட போர்வைகளுக்கு நடுவே நடந்த சண்டை அது.

அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. நான் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் பட்டாபிராமில் புதிதாக ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தவர்கள். மாப்பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். "பையன் அதிர்ந்து பேச மாட்டான்" என்று தரகர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அம்மா போண்டாவுக்கு மாவு கரைத்தாள்.

காலையிலேயே அம்மாவிடமிருந்து எனக்கும் எச்சரிக்கை வந்துவிட்டது. "பாட்டப் பத்திக் கேட்டா மெலடி புடிக்கும்னு சொல்லு. அந்தக் கத்தறத எல்லாம் இப்பவே சொல்லி வைக்காத."

அந்தக் கத்தறது என்றால் மெட்டல், ராக் இசையிலேயே காது கிழிகிற வகை. கல்லூரி முதலாம் ஆண்டில் பிடித்த பைத்தியம். அம்மாவுக்கே தெரியாத ஒன்றும் உண்டு. அந்தப் பாடகர்கள் அடிவயிற்றிலிருந்து உறுமுவார்களே, அது எனக்கும் வரும். சி.டி.எச். ரோட்டில் ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் உறுமி உறுமியே கற்றுக்கொண்டேன். பக்கத்தில் லாரி வந்தால் இன்னும் நன்றாக வரும்.

மாடிக்குப் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "பாட்டு கேப்பீங்களா?"

"கேப்பேன். மெலடி."

"எனக்கும் மெலடிதான்" என்றார். அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் ஓடி மறைந்ததைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. கிட்டார் இரைச்சல், அதன்மேல் ஓர் அலறல், கல்லூரியிலிருந்து நான் கேட்டுவரும் அதே பேண்ட். அவர் பதறிப்போய் அதை அணைப்பதற்குள் நான் வாயை விட்டுவிட்டேன்.

"இது அவங்க மூணாவது ஆல்பம்தானே?"

போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். ஆனா முதல் ரெண்டுதான் நிஜமான மெட்டல். அதுக்கப்புறம் வயலின், பியானோன்னு போயிட்டாங்க. எல்லாருக்கும் புடிக்கணும்னு ஆசை வந்துடுச்சு."

"ஆசை வந்தா தப்பா? முதல்ல ஷெட்டுல ரெக்கார்ட் பண்ணாங்க, வேற வழியில்ல. அப்புறம் கத்துக்கிட்டாங்க. வளர வேணாமா?"

"வளர்றது வேற, விலை போறது வேற. பழைய டிரம்மர எதுக்கு அனுப்பினாங்க?"

"அந்த ஆளுக்குத் தாளமே நிக்காது!"

"அந்த ஆளுதான் அந்த பேண்டுக்கே உசுரு! அவரு போனதும் நான் எத்தன நாள் அழுதேன் தெரியுமா?"

அதிர்ந்து பேசாதவர் கையை வீசி வீசிப் பேசினார். நான் பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பதில் சொன்னேன். திரும்பினால், போர்வையை விலக்கிக்கொண்டு அப்பா நிற்கிறார்.

"கீழ வரைக்கும் கேக்குது. என்னம்மா பிரச்சினை?"

"ஒண்ணும் இல்ல அங்கிள்" என்றார் அவர். "அந்த டிரம்மரப் பத்திதான்."

அப்பா அவரைப் பார்த்துத் தலையாட்டினார். என்னைப் பார்த்த பார்வைதான் சரியில்லை. மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எவன் அந்த டிரம்மர்?"

அம்மா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். "நாள் கணக்குல அழுதாளாமே, அவன் உட்டுட்டுப் போயிட்டான்னு. வந்தவரு கிட்டயே சொல்லியிருக்கா பாருங்க."

வெளிநாட்டில், பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இருக்கும் அந்த டிரம்மரின் படத்தை நான் போனில் எடுத்துக் காட்டினேன். தாடி நெஞ்சைத் தொட்டது, கையெல்லாம் பச்சை குத்தியிருந்தது. நிலைமை இன்னும் மோசமானது. விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போண்டா எண்ணெய் ஆறிவிட்டது.

இந்த இடம் போயிற்று என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம். மறுநாளே அவருடைய அம்மா போன் செய்தார். "எங்க பையன் ஒருத்தர்கிட்ட இவ்ளோ நேரம் பேசி நாங்க பாத்ததே இல்லைங்க. பொண்ணுக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க."

நான் உடனே சொல்லவில்லை. விவாதம் பாதியில் நின்றிருந்தது. அதை முடித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவர் எண்ணை வாங்கினேன். அது முடிகிற விவாதமா? காலையில் ரயிலில் நின்றுகொண்டே அவர் ஒரு பாட்டை அனுப்புவார், மதியம் சாப்பிட்டபடியே நான் அதைக் கிழிப்பேன். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் அவர் சாதாரணமாகச் சொன்னார், தான் வாரக் கடைசியில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிப்பதாக. கல்யாணம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவாராம்.

"மெட்டல் கேக்கறவரு சினிமாப் பாட்டு வாசிக்கிறீங்களா?"

"வந்து கேட்டுட்டுத் திட்டுங்க."

ஆடி மாதத்தில் கரையான்சாவடியில் ஓர் அம்மன் கோயில் திருவிழா. அப்பா அம்மாவோடு போனேன். மெயின் ரோட்டையே பாதி அடைத்து மேடை போட்டிருந்தார்கள். அவர் பின்வரிசையில், பளபளக்கும் நீலச் சட்டையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றார். பாட்டுக்கு அடியில் அதிரும் பேஸ் கிட்டாரை யாரும் தனியாகக் கேட்கப்போவதில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சுரமும் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. பாட்டு மட்டும் மகா மட்டம். அம்மா அதற்குத்தான் கை தட்டினாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். டிரம்ஸ் வாசித்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "இன்னா அண்ணி, அண்ணாத்தே எப்டி வாசிச்சாரு? சும்மா அதிர்ச்சில்ல?"

"வாசிச்சது நல்லா இருந்துச்சு. பாட்டு சகிக்கல."

"எனக்கும் அந்தப் பாட்டு புடிக்காது" என்று சிரித்தார் என்னவர். அவரை அப்போதே 'என்னவர்' என்றுதான் நினைக்கத் தொடங்கியிருந்தேன். பிறகு கேட்டார், "நிஜம், நிஜம்னு பேசறீங்களே. நீங்க எங்கேயாவது வாசிச்சிருக்கீங்களா, பாடியிருக்கீங்களா?"

சுருக்கென்றது. "உறுமுவேன்" என்றேன்.

"எங்க?"

"ஹெல்மெட்டுக்குள்ள."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "வர்ற சனிக்கிழமை ஃப்ரீயா?" என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்தது, அவர்கள் வாசித்துப் பழகும் ஜாம் ரூம். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். அவர் பேஸை மாட்டிக்கொண்டார். திருவிழாவில் வாசித்த அதே டிரம்ஸ்காரர் உட்கார்ந்தார். நான் மைக்கைப் பிடித்தேன், வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். இருமல் வந்தது. இரண்டு ஆண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டுக்குட்டி மாதிரி நின்றேன்.

விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய் ஸ்கூட்டியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துவந்தேன். தலையில் மாட்டி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மைக்கை உள்ளே நுழைத்தேன். அவர் உடனே வாசிக்கத் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு பூந்தமல்லி ரோட்டில் தண்ணி லாரிக்குப் பின்னால் போவதாக நினைத்துக்கொண்டேன். வந்தது.

டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "யம்மாடி! அண்ணி, உள்ள வேற எவன்னா கீறானா?"

அன்று மாலை வரை உறுமினேன். நடுவில் ஹெல்மெட்டைக் கழற்றியது எப்போது என்று நினைவில்லை. ஒரு கட்டத்தில் டிரம்ஸ்காரர் என் உறுமலுக்குக் கீழே கானா தாளம் ஒன்றைப் போட்டார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"மெட்டல்ல இதெல்லாம் வரக் கூடாதுண்ணே."

"யார் சொன்னது?" என்றார் என்னவர்.

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. திரும்ப வாசித்தார்கள், திரும்ப உறுமினேன். என் கால் தானாக ஆடியது. எனக்கு எரிச்சலாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் என் குரலைக் கேட்டு அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, சம்மதம் என்று சொன்னேன்.

வரவேற்பு பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவருடைய ஆர்க்கெஸ்ட்ராதான் கச்சேரி. மாப்பிள்ளையே வாசிக்க முடியாதென்பதால் வேறொருவரை பேஸுக்கு அழைத்துவந்திருந்தார்கள். வந்தவர் நல்ல மனிதர், ஆனால் தாளம் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. சிம்மாசனம் மாதிரி நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னவர் ஒவ்வொரு தப்புக்கும் பல் வலி வந்தவர் போல நெளிந்தார். புகைப்படக்காரர் "சிரிங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்க" என்றேன் பொறுக்க முடியாமல்.

கோட் சூட்டோடு இறங்கிப் போனார். வரிசையில் நின்ற உறவுக்காரர்கள் மொய்க் கவரோடு ஏறி வந்து, "மாப்ள எங்கம்மா?" என்று கேட்டார்கள். "பேஸ் வாசிக்கப் போயிருக்காரு" என்றேன். தொழிற்சாலையிலிருந்து வந்த அப்பாவின் மேலதிகாரி அது ஏதோ சடங்கு என்று நினைத்து, பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் நான் தனியாகத்தான் நிற்கிறேன்.

வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவர், "எப்படி?" என்றார்.

"கடைசிச் சரணத்துல தாளத்த இழுத்துட்டீங்க."

"இழுக்கல. அந்த எடத்துல அப்படித்தான் வரணும்."

"வரக் கூடாது."

அடுத்து வந்த மாமா குடும்பம் எங்கள் இருபுறமும் நின்றுகொண்டது. நாங்கள் கேமராவைப் பார்க்கவே இல்லை.