ஆறாவது கேள்வி

பத்தொன்பது வருடம் சினிமா கொட்டகையில் டிக்கெட் கொடுத்தவள் அவள். கை மட்டும் நுழைகிற ஓட்டை வழியாக ஊரையே பார்த்தவள், அதாவது ஊரின் விரல்களை. நோய் பரவுகிறது என்று கொட்டகையை மூடச் சொன்னபோது விழி பிதுங்கி நின்றாள். நல்லவேளையாக, நோய் அடங்கும்வரை என்று சுகாதார அலுவலகத்தில் ஆள் எடுத்தார்கள். வீட்டுக்குள் அடைக்கப்பட்டவர்களுக்குத் தினமும் போன் போட்டு விசாரிக்கிற வேலை.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறை. முழங்கால் இடிக்கிற குட்டி பெஞ்சு, ஆளுக்கொரு போன். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், தொண்டை வலி உண்டா, வாசனை தெரிகிறதா என்று ஐந்தே கேள்விகள். கோளாறு இருந்தால் தாளில் அந்தக் கட்டத்தில் பேனாவால் ஒரு குறி போட வேண்டும். பதினாலு நாள் எல்லார் பெயரும் பட்டியலில் வரும், அதற்குப் பிறகு குறி இருந்தால்தான் மறுநாளும் வரும். பதினாலாம் நாள் ஐந்து கட்டமும் காலி என்றால் பெயர் போய்விடும், ஆள் வந்து கதவில் ஒட்டிய சிவப்புத் தாளைக் கிழித்துவிடுவார். ஆறாவது கேள்வி கேட்கக் கூடாது என்பது மேற்பார்வையாளரின் கண்டிப்பு. வணக்கத்தைக்கூட அளந்து வைக்கிற மனிதர் அவர்.

அவள் பட்டியலில் ஒரு கடிகாரக்காரர் இருந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், தனியாக இருப்பவர், கடையும் வீடும் ஒன்றே. முதல் நாள் ஐந்துக்கும் பதில் சொல்லிவிட்டு, "நீங்க அஞ்சு கேட்டீங்க, ஆறாவது நான் கேக்கறேன். சாப்டீங்களாம்மா?" என்றார்.

அம்மா போன பிறகு அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அடுத்த தெருவில் இருக்கிற தம்பியோ, "உனக்கு எப்பவும் நோயாளிங்க சகவாசம், இது புள்ளைங்க இருக்கற வீடு அக்கா" என்று கதவைச் சாத்திவிட்டான். போன் வழியாக எந்த நோயும் ஒட்டாது என்பதை அந்த மகாராஜாவுக்கு யார் புரியவைப்பது?

அன்றிலிருந்து கடிகாரக்காரருக்குப் பதில் சொல்வதற்காகவே நேரத்துக்குச் சாப்பிட்டாள். அவரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பதினாலாம் நாள் வந்தது. "வாசனை தெரியுதுங்களா?"

"ஜோரா தெரியுது. எண்ணெய் பாட்டிலைத் திறந்தா மூக்கைத் துளைக்குது."

கட்டத்தைக் காலியாக விட்டால் முடிந்தது. நாளைக்கு இந்தக் குரல் இல்லை. அவள் குறி போட்டாள். ஒரே ஒரு நாள்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டாள். இப்படியே நாலு நாள் ஓடியது.

"வாசனைதான் எப்பவோ வந்துடுச்சே, ஏன் இன்னும் விட மாட்டேங்கறாங்க? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றார் அவர்.

"கேக்கறேன்" என்றாள். யாரிடம் கேட்பது? பேனா அவள் கையில்தான் இருந்தது.

ஐந்தாவது நாள் அவர் குரல் கம்மியிருந்தது.

"தொண்டை வலிக்குதுங்களா?"

"இல்லம்மா. வெளியூர்லேர்ந்து மக வந்திருந்தா. ரெண்டு நாளைக்குத்தான் பாஸ் குடுத்தாங்களாம். தாள் ஒட்டின வீட்டுக்குள்ள வரக் கூடாதுல்ல, ஜன்னலுக்கு வெளியில நின்னு பேத்தியத் தூக்கிக் காட்டினா. பொறந்து ஏழு மாசம் ஆச்சு, நான் இன்னும் தொட்டதே இல்ல. அது என்னைப் பாக்கல, ஜன்னல் கம்பியத்தான் பாத்துது. காலையில கிளம்பிட்டாங்க. அடுத்த பாஸ் எப்பவோ. நீங்க என்னம்மா பண்ணுவீங்க? நீங்க ஒருத்தர்தான் தினம் விசாரிக்கறீங்க."

வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை இருக்கவிடவில்லை.

"ஐயா, உங்களைப் பதினாலாம் நாளே விட்டிருக்கணும். நான்தான் வாசனை தெரியலைன்னு குறி போட்டேன். விட்டுட்டா நீங்க பேச மாட்டீங்களேன்னு..."

மறுமுனையில் கடிகாரங்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"காய்ச்சல் இல்ல" என்றார். அவள் கேட்கவே இல்லை. "இருமல் இல்ல. மூச்சு நல்லா இருக்கு. தொண்டை வலி இல்ல. வாசனை தெரியுது."

ஐந்து கட்டங்களையும் காலியாக விட்டுவிட்டு அவள் பேனாவைக் கீழே வைத்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். இன்னும் சாப்பிடவில்லை, அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் போனை வைத்துவிட்டார்.