வயற்கரைக் கோயிலின் மெல்லிய கொப்பி

அப்பாவுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அவருடைய அப்புவின், அதாவது தகப்பனைப் பெற்றவரின் பெயர்.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரில் தமிழ்ப் பூசை மாதம் ஒருமுறை நடக்கும். ஜெர்மன்காரரின் கத்தோலிக்கக் கோயில்தான், அவர்களுடைய பூசை முடிந்தபின் எங்களுக்குத் தருவார்கள். நவம்பரில் இறந்தவர்களின் பெயர்களைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் சுவாமி பீடத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். அப்பாவின் துண்டு நீளமானது. தாய், தகப்பன், ஷெல் விழுந்து செத்த தம்பி, என் அம்மா. கடைசி வரியில் 'எங்கட அப்பு' என்று மட்டும் இருக்கும். சுவாமி அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விடுவார். அப்பா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டி வந்தது. ஒருநாள் டாக்குத்தர் அடுத்த டெர்மினுக்கு நாள் குறித்துத் தந்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையை அப்பாவும் கண்டுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்:

"பேர் தெரியாத மனுசனுக்கு ஆர் செபிக்கப் போகினம், பிள்ளை? நான் கண் மூட முதல் எனக்கு அந்தப் பேர் வேணும்."

தன் சொந்த அப்புவின் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் போகுமா என்று கேட்பீர்கள். போகும். அப்பாவின் தகப்பன் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பு செத்துப்போனார். பிள்ளையை வளர்த்தது தாய்மாமன். அதனால் மாமனின் பெயர்தான் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அப்புவைப் பற்றி அப்பா எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: அவர் கமக்காரர், மன்னார்ப் பக்கம் சொந்த வயல் இருந்தது. சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தோம்.

எனக்கு இதில் கை வைக்கலாம் என்று தோன்றியதற்கு என்னோடு வேலை செய்யும் ஒரு ஜெர்மன்காரிதான் காரணம். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அவள் ஒருநாள் தன் பூட்டனின் பெயரைக் கோயில் பதிவேட்டில் கண்டுபிடித்து, அதைப் படமெடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். பண்ணையில் கூலிக்கு நின்றவர் என்று எழுதியிருந்தது. அதைக் காட்டிக் காட்டி எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள். கூலிக்காரனுக்கே இவ்வளவு பவிசு என்றால் கமக்காரருக்கு எவ்வளவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நானும் தொடங்கினேன்.

முதலில் வெள்ளைக்காரன் காலத்துக் குடிசன மதிப்பைத் தேடினேன். கணினியில் கிடைத்தது. ஊரின் பெயர் இருந்தது. ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, வீடுகள் இத்தனை. பெயர் ஒன்றுகூட இல்லை. ஆண்கள் என்ற அந்த எண்ணுக்குள் அப்புவும் ஒரு ஆள்.

பிறகு மன்னாரில் எங்கள் பங்குக் கோயிலைப் பிடித்தேன். அங்கே பதிவேடுகளைப் பார்க்கும் சிஸ்டர் ஒருவர் நல்ல மனுசி. எந்தக் குடும்பம் என்று கேட்டார். கமக்காரக் குடும்பம், காணி பூமி உள்ளவர்கள் என்று எழுதினேன். பாவம், அவர் ஏழெட்டு மாதம் பெரிய கோயிலின் ஞானஸ்நானப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா கேட்பார், நான் உதட்டைப் பிதுக்குவேன்.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மாமிக்கு, அதுதான் அப்பாவின் தங்கைக்கு, போனில் இதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் பூனை வெளியே வந்தது.

"ஆரின்ர காணி? அப்பு வயலில கூலிக்கு நிண்டவர். உன்ர கொப்பருக்கு அது நல்லாத் தெரியும்."

போனை வைத்துவிட்டு நேரே அப்பாவின் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெருதான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஓம், கூலிதான்" என்றார். தன் கலியாணம் பேசும்போது பெண் வீட்டார் துருவித் துருவிக் கேட்டார்களாம். கமம் என்று ஒரு சொல்லை விட்டாராம். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி அகதி விண்ணப்பம் எழுதியபோதும் குடும்பத் தொழில் என்று அதையேதான் எழுதினாராம். சொல்லிச் சொல்லிக் கடைசியில் தனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கூலி என்பதற்காக அல்ல. உயிர் போக முன் ஒரு பெயர் வேண்டும் என்று கெஞ்சிய மனுசன், அந்தப் பெயரைத் தேடப் போனவளுக்கே பொய்யைச் சொல்லி அனுப்பியிருக்கிறாரே என்றுதான்.

சிஸ்டருக்கு உண்மையை எழுதினேன். எழுதும்போது கை கூசியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் உடனே பதில் போட்டார். பெரிய கோயில் காணிக்காரருக்கு. வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வயற்கரையில் இருந்த சின்னக் கோயிலில்தான் ஞானஸ்நானம். அதற்கு வேறு ஒரு மெல்லிய கொப்பி, வேறு அலுமாரியில் கிடக்கிறது. முதலே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி என்று கேட்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை படம் வந்தது. பிள்ளை: அப்பாவின் தகப்பன். ஞானத்தாய்: காணிக்காரரின் மனைவி. தகப்பனின் தொழில்: கூலி. அதற்குப் பக்கத்தில் அந்தப் பெயர். கையொப்பம் வைக்கவேண்டிய இடத்தில் கோணலாக ஒரு சிலுவை, எழுதத் தெரியாத கை அழுத்திக் கீறியது. வேலைக்கிடையில் உடுப்பு மாற்றும் அறைக்குள் போய் நின்று அழுதேன்.

அன்று பின்னேரம் அப்பாவுக்குச் சூப் கொண்டுபோனேன். போன் மேலங்கிப் பையில் இருந்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"சிஸ்டர் ஏதும் எழுதினவவோ?"

"இன்னும் இல்லை" என்றேன்.

ஏன் சொன்னேன்? கொஞ்சம் கிடந்து தவிக்கட்டும் என்று நினைத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை, பொய் சொன்னது பிழை பிள்ளை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், பிறகு காட்டுவோம் என்று இருந்தேன். வியாழனும் போனேன். அன்று அவர் கேட்கவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு, குளிர் வரப்போகுது என்றார். ஞாயிறு பூசைக்குப் பிறகு காட்டலாம் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

சனி காலை அப்பாவுக்குப் பாரிசவாதம் அடித்தது.

ஆஸ்பத்திரியில் கண் பாதி திறந்தபடி கிடந்தார். எங்கள் இல்லத்தில் யாராவது இப்படிக் கிடக்கும்போது பிள்ளைகள் வந்து கட்டிலடியில் முழிசிக்கொண்டு நிற்பார்கள். கதையுங்கள், அவருக்குக் கேட்கும் என்று நான்தான் அவர்களுக்குச் சொல்வேன். எத்தனை வருடமாகச் சொல்கிறேன். அது அவர்களுடைய ஆறுதலுக்குச் சொல்வது. கேட்குமா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது.

காதோடு குனிந்து அந்தப் பெயரைச் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். பிறகு பலமாகச் சொன்னேன். உங்கட அப்புவின்ர பேர் அப்பா, கண்டுபிடிச்சிட்டம் என்றேன். தாதி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். படத்தைப் பெரிதாக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தேன். கண்மணி அசையவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை. திங்கள் விடியப் போய்விட்டார்.

கேட்டிருக்கும் என்று மாமி சொல்கிறாள். சுவாமியும் அப்படித்தான் சொல்கிறார். நான் தலையாட்டுகிறேன். நான் 'இன்னும் இல்லை' என்று சொன்ன அந்தச் செவ்வாய் பின்னேரம் அவருக்கு நன்றாகக் காது கேட்டது.