வெயிலில் ஒரு பனி

மேட்டுப்பாளையத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் ஓரம் எங்கள் டாக்சி நிற்கிறது. மலையேறும் முன் ஓட்டுநர் பழனிச்சாமி அம்பாசடரின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பல வருடங்களாகப் புது ஜோடிகளை ஊட்டிக்கு ஏற்றிச் செல்பவர்.

"உங்க சம்சாரத்தைக் கூட்டிப் போயிருக்கீங்களா?" என்று கேட்கிறேன்.

"கேட்டுட்டேதானுங்க இருந்தா. சீசன் முடியட்டும்னு தள்ளிப்போட்டுட்டே வந்தனுங்க. போன மாசந்தான் கூட்டிட்டுப் போனேன். அதுக்குள்ள சர்க்கரை வியாதியில அவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க."

தண்ணீர்க் குடத்தைக் கீழே வைக்கிறார்.

"மேல போயி எறங்குனதும், 'ஏனுங்க, ஒண்ணுமே தெரியலையே, பனிங்களா, இல்ல என்ர கண்ணுதானுங்களா?'ன்னு கேட்டா. பளிச்சுனு வெயிலுங்க. பனிதான் அம்மணி, தெளிஞ்ச நாளாப் பாத்து மறுக்காக் கூட்டியாரேன்னு சொல்லிப்போட்டனுங்க."