மணவாளன் தேடிய பிழை

மணவாளனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. குவைத்தில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவன். 1984இல் கார் விபத்து. ஆரணிக்குக் கொண்டுவந்த மூன்றாம் வாரம் அவனைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். ஆற ஐந்து மாதம் பிடித்தது. அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது என்று வைத்துவிட்டேன். இடப்பக்கம் படுத்தால் டி.வி. தெரியும், வலப்பக்கம் படுத்தால் சுவர்தான்.

டி.வி.யோடு இணைத்த ஒரு சின்ன கம்ப்யூட்டரைக் குவைத்திலிருந்து கொண்டுவந்திருந்தான். அவன் சொல்லச் சொல்ல மனைவி தெய்வநாயகி தட்டுவாள். அவளுக்குப் புடவையில் டிசைன் போடும் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்தும் தொழில். டிசைன் வரைந்த கட்டம் போட்ட தாளைப் பார்த்து அட்டையில் துளை போட வேண்டும். விரல் வேகம், கண் கூர்மை. இங்கிலீஷ் எழுத்தைப் படம் பார்த்துக் குத்துவதுபோலவே தட்டினாள்.

பெங்களூரில் விளையாட்டு புரோகிராம்கள் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு 1986இல் கடிதம் போட்டான். நவம்பர் 14, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஆள் வருவார், நீங்கள் செய்த ஒன்றைக் காட்டுங்கள், சரியாக இருந்தால் வேலை தருகிறோம் என்று பதில் வந்தது. கை கால் அசையாதவனை வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

காட்ட நினைத்தது பேக்கேமன். தாயக்கட்டை உருட்டி, காய்களை நகர்த்தி, எதிராளிக்கு முன்னால் வெளியேற்ற வேண்டும். அதில் டபுள் என்று ஒன்று உண்டு. ஜெயிப்போம் என்று தோன்றினால், உருட்டுவதற்கு முன்பு, "பந்தயம் இரண்டு மடங்கு, சம்மதமா?" என்று கேட்கலாம். எதிராளி ஒப்புக்கொண்டு ஆட வேண்டும், இல்லையென்றால் அந்த ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். ஒப்புக்கொண்டால் அடுத்த டபுள் கேட்கும் உரிமை அவனுக்கு மட்டும்தான்.

கம்ப்யூட்டர் காயை ஒழுங்காக நகர்த்தியது. டபுள் கேட்பதில்தான் கோளாறு. ஆட்டம் நீளமாகப் பாக்கி இருக்கும்போது மூன்று தாயப்புள்ளி முன்னால் இருந்தாலே டபுள் கேட்டது. முடியும் தறுவாயில், ஜெயித்தேவிட்ட ஆட்டத்தில், வாயைத் திறக்கவில்லை. நடுவில் மட்டும் சரியாகக் கேட்டது.

"மொத்தமும் தப்பா இருந்தா கண்டுபுடிச்சிடலாம் நர்சம்மா. பாதி சரியா இருக்குது பாருங்க, அதான் பேஜாரு" என்றான்.

பன்னிரண்டு நாள் தேடினான். ஒவ்வொரு வரியாகத் தெய்வநாயகியைப் படிக்கச் சொன்னான். புரட்டும் நேரம் வந்தால் சண்டை.

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

"புண்ணு அஞ்சு நிமிஷம் பொறுக்குமா? திரும்புப்பா."

"நான் இன்னா கால்ல நின்னுகினா திரும்புறேன்? நீங்கதான் திருப்பணும்."

திருப்பினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஒன்றை மட்டும் அவன் தொடவில்லை. டபுள் அட்டவணை. காய்களெல்லாம் வெளியேற எத்தனை புள்ளி பாக்கி என்றால், எத்தனை புள்ளி முன்னால் இருந்தால் கேட்கலாம், எத்தனை பின்னால் இருந்தால் ஒப்புக்கொள்ளலாம் என்ற கணக்கு. நூற்றிப்பத்திலிருந்து முப்பது வரை எண்பத்தொரு வரி, வரிக்கு இரண்டு எண். அவன் சொல்ல நான்தான் எழுதினேன், வீட்டில் கிடந்த டிசைன் தாளில். தட்டிய அன்று அவனுக்குக் காய்ச்சல் நூற்றிமூன்று. சாயங்காலம் தெய்வநாயகி தாளைப் பார்த்து வாசிக்க, நான் திரையைப் பார்த்துச் சரிபார்த்தேன். ஓர் எண்கூடப் பிசகவில்லை. ரெண்டு பேர் பார்த்தாயிற்று என்று அவனும் விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணி. சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தேன். உதடு காய்ந்திருந்தது, தண்ணீர் வேண்டாம் என்றான்.

"தெய்வா, மத்ததெல்லாம் பாத்தாச்சு. அந்த அட்டவணைய எடு. தாளப் பாத்துப் படி. மொதல்லேர்ந்து."

"மூணு, நாலு. மூணு, நாலு. மூணு…"

"மொதல்லேர்ந்து படின்னேன்."

"மொதல்லேர்ந்துதாங்க படிக்கிறேன்."

"மொத வரி ஒம்போது, பதிமூணு."

"அது கடைசி வரிங்க. மேல கீது."

அவன் மெதுவாகக் கேட்டான்: "மொத வரி எங்க கீது?"

"அடியிலதான். டிசைன் தாள்ல மொத அட்டை அடி வரிதானே? புடவை கீழேர்ந்துதானே ஏறும்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் அடியிலிருந்து தட்டியிருக்கிறாள். சரிபார்க்கும்போதும் அடியிலிருந்தே வாசித்திருக்கிறாள். நான் தாளைப் பார்க்கவே இல்லை. மேலும் கீழும் தலைமாறி, நடு வரிகள் மட்டும் இருந்த இடத்தில் இருந்திருக்கின்றன.

தெய்வநாயகி அழ ஆரம்பித்துவிட்டாள். "பன்னெண்டு நாளா என்னாலயா?"

"அழுவாத. கை நடுங்குனா தப்பாத் தட்டுவ. எல்லாத்தையும் மறுபடி தட்ட வேணாம். தலைகீழாப் படின்னு ஒரே ஒரு வரி சேக்கலாம். ஜல்தி, கரண்டு போறதுக்குள்ள."

ஒரு வரி சேர்த்தார்கள். கேசட்டில் பதிந்தார்கள். நாலைந்து ஆட்டம் முதல் டபுள் கேட்கும்வரை மட்டும் ஆடிப் பார்த்ததில், நீள ஆட்டத்தில் பொறுமையாகவும் கடைசியில் துணிந்தும் கேட்டது.

மறுநாள் பத்தரைக்கு வந்தார் பெங்களூர்க் கம்பெனி ஆள் இராஜமாணிக்கம். நாற்பது வயதிருக்கும், மழையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்தார். காபியைத் தொடாமல் ஆடினார். கம்ப்யூட்டர் டபுள் கேட்டது. கொஞ்சம் யோசித்து ஒப்புக்கொண்டார்.

"நல்ல நேரத்துலதான் கேக்குது" என்றார். மணவாளன் கண்ணை மூடித் திறந்தான்.

இரண்டு உருட்டல் கழித்துக் கம்ப்யூட்டர் மறுபடியும் டபுள் கேட்டது.

இராஜமாணிக்கம் நாற்காலியில் சாய்ந்தார். "டபுள் உரிமை இப்ப எங்கிட்ட இருக்குது. இது எப்படிங்க கேக்கும்?"

தெய்வநாயகி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். மணவாளன் நெற்றியில் வேர்வை. அவனுக்குக் கழுத்துக்குக் கீழே வேர்க்காது. முகத்தில் மட்டும் கொட்டும். துடைக்கப் போனேன், கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

"நேத்து வரைக்கும் இது வரல" என்றான். "நேத்து சாயங்காலம் ஒரு வரி சேத்தேன். அதுல வரிசை நம்பர வெக்க கே-ன்னு ஒரு எழுத்து. டபுள் உரிமை யார்கிட்டன்னு வெக்கிறதும் அதே கே. நான்தான் அவசரத்துல மறந்துட்டேன். தெய்வா, வரி நம்பர் ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது. அதுல கே வர்ற ரெண்டு எடத்துலயும் ஜே போடு."

"ரெண்டு எடந்தானா?"

"ரெண்டுதான். படிக்கச் சொல்லிப் பாக்கல, ஆனா ரெண்டுதான்."

அவள் மாற்றினாள். இராஜமாணிக்கம் முதலிலிருந்து ஆடினார். டபுள் கேட்டது, ஒப்புக்கொண்டார், அதன்பின் ஆட்டம் முடியும்வரை கேட்கவில்லை. இன்னும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு எழுந்தார்.

"சொல்லி அனுப்புறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பத்தொன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. பேக்கேமன் அவர்களுக்கு வேண்டாமாம். மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களை கேசட்டில் அனுப்பினால் பிழை கண்டுபிடித்துத் தர முடியுமா, ஆறு மாதம் பார்க்கலாம் என்று கேட்டிருந்தார்கள். தெய்வநாயகி எழுத்துக்கூட்டிப் படித்தாள். மணவாளன் அதை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னான்.

"பேக்கேமன் வேணாமாமே" என்றாள் வருத்தமாக.

"வேணாம்னா போவுது. முடியும்னு எழுது. இன்னிக்கே போடு."