பதில் இல்லாத பெயர்

ஓசெல்லா டார்ப்லி எங்கள் மிசிசிப்பி ஊரில் முப்பது வருஷம் தபால் கொடுத்தவள். ஓய்வு பெற்றதும் செத்தவர்கள் பக்கம் திரும்பிவிட்டாள். அடிமைத்தனத்தை ஒழித்த போரில் நீலச் சட்டை போட்டுச் சண்டையிட்ட நம் கறுப்புச் சிப்பாய்கள் நாற்பத்தொரு பேர் தேவாலயத்துக்குப் பின்னால் கிடக்கிறார்கள். முள்ளை வெட்டி, கல்லைத் தேய்த்து, வாஷிங்டனுக்கு எழுதி எழுதிப் பழைய காகிதங்களை வரவழைத்து, ஒவ்வொருவர் கதையையும் மீட்டாள்.

"உயிரோட இருக்கறவங்களுக்கு ஓடினது போதாதா, அக்கா?" என்று சீண்டுவேன்.

"போடி வெர்லீன். முப்பது வருஷத்துல எவனாவது ஒரு வாய் காப்பி தந்தானா? செத்தவங்க தேவலை. நாயை அவுத்து விடமாட்டாங்க."

மே மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவள் பட்டியலை வாசிப்பாள். பேர் வந்ததும் அந்தக் குடும்பத்தார் எழுந்து "இருக்கார்" என்று சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். முதல் பேர் கார்ப்பரல் ஈனக் டார்ப்லி, அவளுடைய கொள்ளுத்தாத்தா. தானே வாசித்துத் தானே "இருக்கார்" என்பாள். குரலில் அப்படி ஒரு மிடுக்கு! எங்கள் குடும்பத்து முன்னோர் சைலஸ் போஹனனுக்கு நான் எழுவேன்.

சைலஸ் குண்டடிக் காயத்தோடு வீடு திரும்பிச் செத்தவர். சிப்பாய்களின் விதவைகளுக்குச் சர்க்கார் தரும் பென்ஷன் மனைவி டைசிக்குக் கிடைக்கவில்லை. ஏழைகள் விடுதியில் கிடந்து செத்தாள். சர்க்கார் ஏமாற்றிவிட்டது என்று எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் திட்டி வந்தோம்.

ஒரு ஏப்ரலில் ஓசெல்லா ஒரு உறையோடு என் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே டைசியின் பழைய பென்ஷன் மனுக் காகிதங்கள்.

அடிமைகளுக்கு ஏது கல்யாணப் பத்திரம்? கூடச் சண்டையிட்டவர் யாராவது வந்து சத்தியம் செய்தால்தான் மனைவி என்று ஒப்புக்கொள்வார்கள். டைசி நம்பிக் கூட்டிப்போனது ஓசெல்லாவின் கொள்ளுத்தாத்தா ஈனக்கை. அவரோ, 'இவள் சைலஸின் மனைவி அல்ல' என்று சொல்லி, கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். ஏன் என்று காகிதத்தில் இல்லை.

"மூணு வாரமாத் தூங்கல, வெர்லீன். கண்ணை மூடினா அந்தப் பேனா கீறுற சத்தம். கிழிச்சுப் போட்டா யாருக்கும் தெரியாது. கை வரமாட்டேங்குது."

"சபையில வாசி" என்றேன்.

அந்த மே மாதம் வாசித்தாள். அந்தக் காகிதத்தை, ஒரு வரி விடாமல். பிறகு எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்தாள்.

"நீயே சொல்லு. இவர் பேரை இனி வாசிக்கலாமா?"

"வாசி. சண்டை போட்டாரே, அது பொய்யில்ல. ஆனா நீ பதில் சொல்லக் கூடாது."

பதினோரு வருஷம் அப்படியே நடந்தாள். ஈனக் பேரை வாசித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். எதிரே நான் கல்லாக உட்கார்ந்திருப்பேன். 'போதும் அக்கா, சொல்லிடு' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன், பாவி.

போன குளிர்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகுட்டி இல்லை. இந்த மே மாதம் பட்டியல் என் கைக்கு வந்தது. முதல் பேரை வாசித்தேன். தலையைத் தூக்கிச் சபையைப் பார்த்தேன். டார்ப்லி குடும்பத்தில் எழுந்திருக்க ஒருவரும் இல்லை.